ஊறினால் அடைத்துக்கொள்ளும் என்றேன்

மாப்பிள்ளை,

கல்மண்டபத்தில் டாக்சிகள் நிற்கும் இடத்தில் ஒருவன் தன் வண்டியின் கால் பலகையைக் கழற்றிவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பிரேக் டப்பாவில் தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் அந்த வழியாக நடந்து போனேன். வெயிலில் சூடான ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது.

"இன்னாப்பா ஊத்தற?" என்றேன்.

"பார்த்தா தெர்லியா பெர்சு? எண்ணெ."

"பிரேக்குக்குன்னு தனியா எண்ணெ கீது. இத்த ஊத்தாதே."

"தோ பார்றா, புது மெக்கானிக்கு வந்துட்டாரு! மேல மீன் வாசனை அடிக்குது, பிரேக்கு பாடம் நடத்தறாரு. சவாரி நின்னுகினு கீது, பேஜார் பண்ணாத நைனா."

நான் மடியில் முடிந்து வைத்திருந்த துணியை அவிழ்த்து, உள்ளே இருந்த ரப்பரை எடுத்து அவன் கையில் வைத்தேன். வட்டமாய், சின்னக் கிண்ணம் போன்ற ரப்பர். ஊறி, உப்பி, ஓரம் பிய்ந்தது. அவன் அமுக்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"எந்த வண்டியிது?"

"என் மாப்பிள்ளை ஓட்டின லாரி."

"அவருக்கு இன்னா ஆச்சி?"

"செத்துட்டான்."

"ரிப்பேரு யாரு பண்ணாங்க?"

நான் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். பதினொரு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டவனுக்கு முகம் காட்டாமல் ஓடிவந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது என் கைதான், மாப்பிள்ளை. வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை. நம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஒரு வருஷமாகப் போகிறேன். முதல் நாள் பென்சிலைத் துடுப்புப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன், முனை ஒடிந்தது. இப்போது ஒடிவதில்லை. 'ழ' எழுத எனக்கு ஒரு மூச்சு வேண்டும், ஆனால் எழுதி முடித்ததும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். பஸ்ஸில் 'திருவொற்றியூர்' என்று பலகை வந்தால் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அறுபது வயசு வரைக்கும் ஊரெல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள், எனக்கு எல்லாம் வெறும் கோடு. இப்போது சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது. டிரைவர் தலைக்கு மேலே 'டிரைவரோடு பேசக்கூடாது' என்று எழுதியிருப்பதைப் போன மாதம் படித்தேன். சிரிப்பு வந்தது. நாம் இருவரும் அந்த லாரியில் பேசாமல் இருந்த நிமிஷம் உண்டா?

நீ என் தங்கை கன்னியம்மாவைக் கட்டினவன். ஊருக்கு முன்னால் உன்னை நான் 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் வாடா போடாதான். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட லாரியை மீன் வியாபாரி ஒருவர் வாங்கினார். நீ யுத்தத்தில் வண்டி ஓட்டக் கற்று வந்தவன், அதனால் உனக்கு ஸ்டியரிங். எனக்கு முழங்கால் போய் கடலில் இறங்க முடியாத காலம், அதனால் எனக்கு கிளீனர் வேலை. எண்ணூரில் விடியும்போது மீனை ஏற்றி, ஐஸைக் கொட்டி, கோணியைப் போட்டு மூடி, வெயில் ஏறுமுன் பட்டணத்து மார்க்கெட்டில் இறக்க வேண்டும்.

உனக்குச் சாராய வாசனை ஆகாது. பட்டாளத்தில் எல்லோரும் குடித்தபோது நீ உன் பங்கைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய சர்க்கரையை வாங்கிக்கொண்டாயாம். குடித்துவிட்டு லாரியில் ஏறினவன் யாராக இருந்தாலும் பின்னால் ஐஸ் மேல்தான் உட்கார வைப்பாய். "தெளியட்டும். பட்டணம் போறதுக்குள்ள மீனோட மீனா வெறச்சிப் பூடுவான்" என்பாய். உனக்குப் பிடித்தது கலர் சோடா. சிவப்புக் கலர். குழந்தை மாதிரி பாட்டிலைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடிப்பாய்.

இவ்வளவையும் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். எழுத வேண்டியதன் பக்கத்தில் போகப் போகப் பென்சில் கனக்கிறது.

பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிந்தது. காலை இரண்டு தரம், மூன்று தரம் அமுக்கினால்தான் பிரேக் பிடித்தது. கல்மண்டபத்து மேஸ்திரியிடம் காட்டினோம். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் கிண்ணத்தை எடுத்து, தேய்ந்துபோன ஓரத்தை நகத்தால் தடவிக் காட்டினார்.

"ரப்பர் பூட்ச்சி. பம்பாய்லேர்ந்து வர்ணும். நாலஞ்சு நாள் ஆவும். அது வரிக்கும் வண்டிய எடுக்காதே. பிரேக்கு எண்ணெயும் புதுசா போடணும். வேற எந்த எண்ணெயும் உள்ள வுட்டுடாதே, சொல்லிட்டேன்."

அவர் பட்டறைச் சுவரில்கூட பெரிதாக எழுதியிருந்தது. பட்டறை இப்போது விறகு விற்கும் தொட்டி. சாயம் வெளுத்த எழுத்தைப் போன மாதம் நின்று படித்தேன். 'பிரேக்கு வேலை தெரியாதவர் தொட வேண்டாம்.' படிக்கத் தெரியாததால் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. சொல்ல முடியாது. அவர்தான் வாயாலேயே சொன்னாரே.

அந்த வாரம் எண்ணூரில் நெத்திலி குவிந்து கிடந்தது. வலை போட்ட இடமெல்லாம் மீன். வண்டி நின்றால் அத்தனையும் மணலில் கருவாடாகும். வியாபாரி நச்சரித்தார். நீ, "மேஸ்திரி சொல்லட்டும் மச்சான்" என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான்தான் சும்மா இருக்கவில்லை.

நம் பக்கத்துப் படகு எப்படிச் செய்தது என்று உனக்குத் தெரியும். ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, தையலுக்குள் புல்லைத் திணித்து, மீனெண்ணெய் தடவுவோம். புதுப் படகு கடலில் இறங்கினால் முதல் நாள் ஒழுகும். ஒருவரும் பயப்பட மாட்டார்கள். புல் ஊறும், உப்பும், தானே அடைத்துக்கொள்ளும். என் அப்பா தைத்தார், நானும் முப்பது வருஷம் தைத்தேன். ஒழுகுவது எதுவானாலும் ஊறினால் அடைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

மேஸ்திரி மறுபடி மாட்டி அனுப்பியிருந்த அந்தத் தேய்ந்த ரப்பரைக் கழற்றி ஒரு கொட்டாங்கச்சி மீனெண்ணெயில் போட்டு வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் நன்றாக ஊறிப் பருத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினேன்.

"மாப்ளே, பம்பாயும் வாணாம், கிம்பாயும் வாணாம். தோ பாரு, புது ரப்பர்!"

"இன்னா மச்சான் இது, எண்ணெயில போட்ட வடையாட்டம் கீது?"

"வண்டியில மாட்டு, அப்பறம் பேசு."

"மேஸ்திரி வேற எண்ணெ வுடாதன்னாரே?"

"மேஸ்திரி கடல்ல எறங்கியிருக்காரா? ஒழுகறத அடைக்கறதுக்கு எனக்கு அவரு சொல்லித் தரணுமா?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நீ சொன்னா சரி மச்சான்." அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் நீ கேட்டிருந்தால், சண்டை போட்டிருந்தால், நான் விட்டிருப்பேனோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். நீ நம்பினாய்.

நானே மாட்டினேன். டப்பாவில் இருந்த பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு மீனெண்ணெயை ஊற்றினேன். நீ கடற்கரை ரோட்டில் மூன்று தரம் ஓட்டி மூன்று தரம் நிறுத்தினாய். சட்டென்று நின்றது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நீ தலையை வெளியே நீட்டி, "படகுக்காரன் கை பொய் சொல்லாது!" என்று கத்தினாய். அன்றைக்கு நான் குப்பத்தில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை திருவொற்றியூரில் டீ குடிக்க நிறுத்தினோம். நீ சக்கரத்தின் அருகே போய்க் கையை வைத்தவன் உதறிக்கொண்டு எடுத்தாய்.

"இன்னா மச்சான், அடுப்பாட்டம் கொதிக்குது? கால எடுத்தாலும் பிரேக்கு வுட மாட்டேங்குது."

மீனெண்ணெய் காய்ந்த வாசனை எனக்கும் அடித்தது. ரப்பர் இன்னும் ஊறிக்கொண்டே போகிறது, அடைக்க வேண்டிய அளவோடு நிற்காது என்று எனக்குத் தெரியவில்லை. படகில் புல்லைப் பலகை இறுக்கிப் பிடிக்கும். இங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊறி ஊறி அது கூழாகிக்கொண்டிருந்தது. ஆனால் என்னவோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது, மாப்பிள்ளை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தும் சொன்னேன்: "புதுசா அடைச்சிருக்கு இல்ல? புடிக்கத்தான் செய்யும். ஓட ஓட தளர்ந்துடும்." டீக்கடை வாளியில் இருந்த தண்ணீரை அள்ளிச் சக்கரத்தில் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. நீ ஏறி உட்கார்ந்தாய்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் கூடை வைத்த பெண்கள், இரண்டு மாட்டு வண்டி, சைக்கிள்காரர்கள். நீ தூரத்திலேயே காலை வைத்தாய். கால் நேராகக் கீழே போனது. மறுபடி அமுக்கினாய். மறுபடி. தட் தட்டென்று பலகையில் உன் குதிகால் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கியரைக் குறைத்தாய், லாரி உறுமியது, நிற்கவில்லை. கைப் பிரேக் எப்போதோ அறுந்துபோனது.

"மச்சான், இல்ல" என்றாய். பிரேக் என்ற வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. "குதி."

"நீ?"

"குதி மச்சான்!"

நான் குதித்தேன். தோளில் விழுந்து புரண்டு நிமிர்வதற்குள் நீ ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்திருந்தாய். கேட்டில் நின்ற ஒருவர் மேலும் லாரி படவில்லை. ரோட்டோரம் இருந்த கிடங்குச் சுவரில் போய் மோதியது. ரோடெல்லாம் ஐஸ். ரோடெல்லாம் நெத்திலி.

கூட்டம் கூடியது. என்னைத் தூக்கி உட்கார வைத்த பெரியவர் ஒருவர் குனிந்து கேட்டார்: "பிரேக்கே போடலியே இந்தாளு. இன்னா, தண்ணி போட்டுட்டு ஓட்னானா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அந்த வலியிலும் எனக்குத் தெரிந்தது. என் மௌனத்தை அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் குப்பம் முழுக்க நீ குடிகாரனாகியிருந்தாய்.

லாரியைக் கட்டி இழுத்து மேஸ்திரி பட்டறையில் விட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட தோளோடு போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி அந்த ரப்பரை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார். தலையசைத்தேன். ரப்பரை என் கையில் வைத்து மூடினார். "ஒன் தங்கச்சி கையில நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." மூன்று வருஷம் கழித்து அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் உன் நாளில் கன்னியம்மா படையல் போடுவாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் விளக்கு முன்னால் வைப்பது நம் வழக்கம். உன் அண்ணன் யாருக்கும் தெரியாமல் எங்கிருந்தோ சாராயம் வாங்கி வருவார். "உசிரோட கீறப்போ நமக்குத் தெரியாம குடிச்சான். இப்ப தெரிஞ்சே குடிக்கட்டும்" என்று டம்ளரில் ஊற்றி உன் முன்னால் வைப்பார். அழுதுகொண்டேதான் வைப்பார். வாசனையே ஆகாத உன் மூக்குக்கு நேரே அது இருக்கும். நானும் பக்கத்தில் கை கட்டி நிற்பேன். இதுவரை பத்து டம்ளர், மாப்பிள்ளை.

இதுவரை எழுதப் பத்து நாள் ஆனது. இனி வருவது நேற்றும் இன்றும் நடந்தது.

நேற்று உன் நாள். காலையில் கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து படையலுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணா, பத்து நாளா எழுதினே கீற? பரிட்சையா?"

"மாப்ளைக்குக் கடுதாசி."

சிரித்துவிட்டாள். "எந்தத் தபால்காரன் எடுத்துனு போவான்? சரி, படி. அந்த மனுசனுக்கு இன்னாதான் எழுதிக் கீறேன்னு பாக்கலாம்."

நான் படித்தேன். நான் படிப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் போவேன். கலர் குடித்த இடத்தில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டு வண்டி மாதிரி போறியே, சீக்கிரம் படி" என்றாள். மேஸ்திரி வந்தார். நெத்திலி வந்தது. கொட்டாங்கச்சி வந்தது. 'மீ... னெண்... ணெய்' என்று படித்தபோது அவள் கத்தி நின்றது.

வாயால் சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் சொல்லி, அழுது, அவள் காலில் விழுந்து முடித்திருப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனால் எதையும் தாண்டிப் போக முடியாது. டீக்கடை வாளித் தண்ணீரை ஒவ்வோர் எழுத்தாக ஊற்றினேன். ஒவ்வோர் எழுத்தாகக் குதித்தேன். ஒவ்வோர் எழுத்தாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

படித்து முடித்தேன். அவள் மீனில் மொய்த்த ஈயைக்கூட ஓட்டவில்லை.

பிறகு, "அவருக்குச் சாராயம் ஆவாதுன்னு எந்த எடத்துல எழுதிக் கீற? காட்டு" என்றாள்.

காட்டினேன். மீன் கழுவிய விரலை அந்த வரிமேல் வைத்தாள். பென்சில் எழுத்து ஈர விரலில் தேய்ந்து மங்கியது. இந்தத் தாளில் இப்போதும் அந்தக் கறை இருக்கிறது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியும் அவர் குடிக்க மாட்டாருன்னு. ஊரே சொன்னப்பறம், எனக்குத் தெரியாம குடிச்சிருப்பாரோன்னு நம்பிட்டேனே. நானே அந்த டம்ளர அவருக்கு எதிர்ல நகர்த்தி வெச்சேனே."

என் பக்கம் திரும்பாமல் எழுந்து கையைக் கழுவப் போனாள்.

சாயங்காலம் உன் அண்ணன் துண்டுக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு வந்தார். கன்னியம்மா வாசலிலேயே மறித்தாள். "அத்த வெளிய வெச்சிட்டு வா மாமா. அவருக்கு ஆவாது. என்னிக்கும் ஆனதில்ல. உள்ள வந்து குந்து, அண்ணன் ஒண்ணு படிக்கும்."

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் மறுபடி படித்தேன். உன் அண்ணன் பாதியிலேயே எழுந்துவிட்டார். அடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். என் கோணல் தோளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"குதின்னு சொன்னானா ஒன்ன?"

"சொன்னான்."

"நீ குதிச்சிட்ட."

"ஆமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கு முன்னால் கன்னியம்மா சிவப்புக் கலர் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தாள். அதன் குமிழிகள் அடங்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இன்று காலை கன்னியம்மா எனக்குக் கஞ்சி வைத்தாள், ஆனால் பேசவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ தெரியாது. பேசச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

கஞ்சி குடித்துவிட்டுக் கல்மண்டபம் போனேன். அந்த டாக்சிக்காரன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாத்தியாரே, அன்னிக்கே வண்டிய பட்டறையில வுட்டு எண்ணெய மாத்திட்டேன். சவாரி பூட்ச்சி, சந்தோசமா?" என்றான்.

"ரிப்பேர் யாரு பண்ணாங்கன்னு கேட்டியே" என்றேன். "நான்தான்."

அவன் என் கையிலிருந்த ரப்பரை வாங்கினான். இந்தத் தரம் அமுக்கிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு நானே கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். அது என்னிடம்தான் இருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். எல்லாப் பலகையையும் படித்துக்கொண்டு வந்தேன், அந்த ரயில்வே கேட் வரும்வரை. கேட் சாத்தியிருந்தது. கூடைக்காரப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பதினொரு வருஷமாக அங்கே வந்ததும் என் வலது கால் தானாக பஸ்ஸின் தரைப் பலகையை அமுக்கும். இன்றும் அமுக்கியது. அமுக்கி அமுக்கிக் குதிகால் இடித்தது.

பஸ் நின்றது, மாப்பிள்ளை. நான்தான் இன்னும் காலை எடுக்கவில்லை.